மிசியே சமிக்கு ஐம்பத்தெட்டு

மேரி என்ற சொல்லை நான் பிரான்சுக்குப் போய்க் கற்கவில்லை. முத்தியால்பேட்டையில் எங்கள் ஆயாவுக்குப் பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் "மேரியில போய்ப் பேரு எழுதணும்", "மேரிக்காரன் சீட்டு கேப்பான்" என்று அதன் பேச்சில் அந்தச் சொல் உப்பு புளி போல வந்து போகும். பாண்டிச்சேரிக் கடற்கரையில் தூண் வைத்து நின்ற மேரிக்கு, அதாவது நகராட்சிக் கட்டடத்துக்கு, ஒருமுறை என்னை இடுப்பில் வைத்துத் தூக்கிப் போயிருக்கிறது. கனத்த பதிவேடு, பழைய காகித வாசனை, ஜன்னலுக்கு வெளியே அலை. மேரி என்றால் அலைச் சத்தம் கேட்கிற இடம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

1979 டிசம்பரில், எனக்கு ஆறு வயது நடக்கும்போது, அப்பா எங்களைக் கொண்டுபோய் இறக்கிய ஊரிலும் ஒரு மேரி இருந்தது. அங்கே அலை இல்லை. சத்தம் என்று எதுவுமே இல்லை. முழங்கால் வரைக்கும் பனி. புகைபோக்கிகள் மட்டும் புகைந்துகொண்டிருந்தன. அம்மா சால்வைக்குள்ளிருந்து ஊரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க மனுசங்க இருக்காங்களா?" என்றாள். "இருக்காங்க. குளிருக்கு உள்ள இருக்காங்க" என்றார் அப்பா.

அப்பா ஒரு சொல்தா. பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்தில் 1933-இல் பிறந்தார், பத்தொன்பது வயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், இந்தோசீனா, அல்ஜீரியா என்று சுற்றினார். 1962 ஆகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைக் கையில் வைத்துக்கொண்டார். பென்ஷன் வாங்கிய சொல்தாக்களில் நிறையப் பேர் ஊருக்குத் திரும்பி மாடிவீடு கட்டினார்கள். அப்பாவுக்கு லா கூர்தீன் என்ற இடத்தில் இருந்த ராணுவப் பயிற்சி முகாமின் சமையற்கட்டில் வேலை கிடைத்தது. அதனால் தங்கிவிட்டார்.

லா கூர்தீன் இருப்பது க்ரேஸ் மாவட்டத்தின் தென்கோடியில், மில்வாஷ் பீடபூமியில். பிரான்சின் நடுவயிறு என்று சொல்லலாம். வரைபடத்தில் பெரிய எழுத்தில் எந்த ஊரும் இருக்காது. கருங்கல், ஊசியிலைக் காடு, செம்பழுப்பு மாடுகள், ஊற்று, மழை. மண் நெல்லுக்கும் ஆகாது, கோதுமைக்கும் அவ்வளவாக ஆகாது. அதனால் அந்தக் காலத்தில் ஆண்கள் வசந்தம் பிறந்ததும் கரண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாரீசுக்குக் கொத்து வேலைக்கு நடந்தே போனார்கள். பாரீசின் பெரிய வீதிகளில் பாதி க்ரேஸ் கொத்தனார்கள் கட்டியவை என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பாதி என்பது ஊர்ப்பெருமைக் கணக்கு. ஆனால் அவர்கள் நிறையக் கட்டினார்கள் என்பது மெய். மர்தேன் நாதோ என்ற கொத்தனார் அங்கிருந்து புறப்பட்டுப் பாராளுமன்றம் வரைக்கும் போனார். போனவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பாமல் போனார்கள். 1851-இல் மாவட்டத்தில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல் ஜனம். நாங்கள் போய்ச் சேர்ந்த காலத்தில் ஒன்றரை லட்சம்கூடத் தேறாது. அப்படிக் கைவிட்டுப்போன ஒரு கொத்தனார் வீட்டைத்தான் அப்பா மலிவாக வாங்கினார். சுவர் இரண்டு முழ அகலம். ஜன்னல் கையகலம். கதவுக்கு மேல் கல்லில் யாரோ ஒரு வருஷத்தைச் செதுக்கியிருந்தார்கள். கடைசி எண் தேய்ந்துபோயிருந்தது.

கொம்யூன் என்கிற எங்கள் ஊராட்சியில் இருநூறு பேர் இருந்தால் அதிகம். நடுவில் கோயிலும் மேரியும் இருக்கிற ஊர். அதைச் சுற்றி இரண்டு, மூன்று, ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தள்ளிக் குக்கிராமங்கள். ஒன்றில் நான்கு வீடு, இன்னொன்றில் ஏழு வீடு. எங்களுடையதில் ஐந்து. பிரான்சில் அப்போது 36,000-க்கு மேல் கொம்யூன்கள் இருந்தன. புரட்சி நடந்த 1789-இன் டிசம்பரில், பாதிரிமாரின் பழைய பங்குகளையெல்லாம் அப்படியே கொம்யூனாக்கிவிட்டார்கள். லட்சம் பேர் வாழ்கிற நகரத்துக்கும் ஒரு மேயர், இருநூறு பேர் வாழ்கிற எங்களுக்கும் ஒரு மேயர். சட்டத்தின் கண்ணில் இரண்டு பேருக்கும் ஒரே மூவர்ணப் பட்டை.

மேரியும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். அந்தக் காலத்துக் குடியரசுக்காரர்கள் ஊருக்கு ஊர் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்: நடுவில் மணிக்கூண்டு வைத்த மேரி, இடப்பக்கம் பையன்கள் வகுப்பு, வலப்பக்கம் பெண்கள் வகுப்பு. நான் சேர்ந்தபோது பெண்கள் பக்கத்தில் விறகு அடுக்கியிருந்தது. ஒரே வகுப்பு, பதினொரு பிள்ளைகள், ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரைக்கும். ஒரே வாத்தியார். நாங்கள் அவரை மெத்ர் என்று கூப்பிடுவோம். அவரே மேரியின் செயலாளர்.

இந்த இரட்டை வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நிற்கும். கதவு தட்டப்படும். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரு விவசாயி நிற்பார்: வேட்டை அனுமதிக்கு முத்திரை வேண்டும். மெத்ர் "ஐம்பத்தாறு" என்று சொல்லிவிட்டு நடுக்கதவைத் திறந்து மேரிக்குள் போவார். டொம் என்று முத்திரை விழும். திரும்பி வந்து "ஒன்பது ஏழு?" என்பார். யாராவது இறந்துவிட்டால் உறவினர் வந்து சொல்வார்கள். அப்போது முத்திரைச் சத்தம் வராது. பேனா நிதானமாகக் கீறுகிற சத்தம் மட்டும் வரும். கோயில் மணி அடிக்கும் முன்பே எங்கள் பதினொரு பேருக்கும் செய்தி தெரியும். புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை. அன்று அவர் முழுநாளும் செயலாளர்.

மேரி அறையில் ஒரு நீள மேசை, பச்சைத் துணி, சுவரில் இரும்பு அலமாரி. அலமாரியின் மேல் மரியானின் மார்பளவுச் சிலை. குடியரசைப் பெண்ணாக்கி ஒவ்வொரு மேரியிலும் வைத்திருப்பார்கள். அம்மா முதல் தடவை பார்த்தபோது கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனாள். சுவரில் குடியரசுத் தலைவர் படம். 1981-இல் மித்தரான் வந்ததும் படம் மாறியது. புத்தக அலமாரிக்கு முன் உட்கார்ந்து, மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருக்கிற படம். அது மோந்தேனின் கட்டுரைகள் என்று மெத்ர் சொல்லி, "இந்த மோந்தேனும் மேயராக இருந்தவர்தான், போர்தோவில், நானூறு வருஷத்துக்கு முன்னால்" என்றார். பெரிய எழுத்தாளர் வேட்டை அனுமதிக்கு முத்திரை போடுவதாக நான் கற்பனை செய்துகொண்டேன்.

எங்கள் மேயர் மாடு வளர்ப்பவர். தொழுவத்தில் சாணி அள்ளும்போது போனால் சாணிக் கையோடு, மேரியில் போனால் கழுவிய கையோடு கையெழுத்துப் போடுவார். வித்தியாசம் அவ்வளவுதான். அவருக்குக் கீழே கொம்யூனுக்கென்று ஒரே ஊழியர், கந்தோனியே. சாலை ஓரப் புல்லை வெட்டுவார், பனி தள்ளுவார், குழி வெட்டுவார், மணிக்கூண்டுக்குச் சாவி கொடுப்பார், பள்ளிக் கணப்பின் குழாயில் புகைக்கரி தட்டுவார். பிறந்தநாள் முதல் கடைசிநாள் வரை எல்லாரும் ஒருமுறையாவது அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊரில் கடை கிடையாது. வாரத்துக்கு மூன்று நாள் ரொட்டிக்காரரின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும். அந்த ஹாரன் கேட்டால்தான் அம்மா அந்த ஊர்ப் பெண்களோடு பேசுவாள்; பேச்சு என்றால் சிரிப்பதும் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்குவதும்தான். பிறகொரு நாள் வடவத்தைத் தாளித்த வாசனை தெரு முனை வரைக்கும் போய், பக்கத்து வீட்டுக் கிழவி என்னவென்று கேட்டு வந்து, அதிலிருந்து இரண்டு பேருக்கும் சிநேகம். அந்தக் கிழவி வீட்டு உருளைக்கிழங்கு அப்பத்தின்மேல் அம்மாவின் வடவம் ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தக் கிழவியின் புருஷன்தான் எங்களை ஊரில் சேர்த்தவர். அதற்குப் பொதுநிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்வாஷ் பக்கம் கொம்யூனுக்குப் பொதுநிலம் இருப்பது ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு குக்கிராமமும் தனக்கென்று மேய்ச்சலும் காடும் வைத்திருக்கும். செக்சியோன் என்பார்கள். அதில் மாடு விடவும், விறகில் பங்கு வாங்கவும், அந்தக் குக்கிராமத்தில் நிலையாக வீடும் அடுப்பும் வைத்திருப்பவர்களுக்கே உரிமை. பாரீசில் உட்கார்ந்துகொண்டு ஆகஸ்டில் மட்டும் வந்து ஜன்னலைத் திறக்கிற வாரிசுக்கு இல்லை. இதை வைத்து அண்ணன் தம்பி பேசாமல் போயிருக்கிறார்கள். வழக்குத் தலைமுறை தாண்டியிருக்கிறது. நாங்கள் வந்த இரண்டாவது இலையுதிர் காலத்தில் விறகைக் குவியல் குவியலாகப் பிரித்தபோது நான்கு குவியலா ஐந்து குவியலா என்று பேச்சு எழுந்தது. அந்தக் கிழவர் எங்கள் கூரையைக் கைகாட்டி, "அங்கே புகை வருகிறது. அப்புறம் என்ன?" என்றாராம். ஐந்து குவியல் போட்டார்கள். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் ஒரு மாதிரி ஆகும். இருபது வருஷம் துப்பாக்கி தூக்கியதற்குக் கிடைக்காத குடியுரிமை, புகைக்குக் கிடைத்தது.

நவம்பர் 11 அன்று ஊரே போர் நினைவுத்தூண் முன்னால் நிற்கும். அப்பா மெடல்களைக் குத்திக்கொண்டு நிற்பார். மேயர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் நாங்கள் "பிரான்சுக்காக இறந்தார்" என்று பதில் சொல்ல வேண்டும். 1914-க்கும் 1918-க்கும் நடுவில் இந்த ஒரு பொட்டு ஊரிலிருந்து எத்தனை பெயர்! ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வரும். வாசிக்கிற மேயரின் குடும்பப் பெயரும் வரும். பிறகு மேரியில் எல்லாருக்கும் வைன், எங்களுக்கு எலுமிச்சை சர்பத். பக்கத்து ஜான்தியூவில் வேறு மாதிரித் தூண் ஒன்று உண்டு. 1922-இல் வைத்தது. பள்ளி அங்கி போட்ட ஓர் அநாதைப் பையன் கல்வெட்டைப் பார்த்து முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்பான். கல்வெட்டில், போர் நாசமாய்ப் போகட்டும் என்று எழுதியிருக்கும். லா கூர்தீன் முகாம் சிப்பாய்கள் அந்த வழியாக அணிவகுத்துப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லி உத்தரவு இருந்ததாக அந்தப் பக்கம் சொல்வார்கள். அப்பா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். முகத்தைத் திருப்பவில்லை. சல்யூட்டும் அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, தூறலில் தலை நனைய வெகுநேரம் நின்றார்.

இனி 1983. மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை, முனிசிபல் தேர்தல். எங்கள் அளவுக் கொம்யூனுக்குப் பதினொரு உறுப்பினர்கள். அந்தப் பதினொரு பேர் பிறகு தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள். நகரத்தில் கட்சி, கொடி, பட்டியல். எங்களிடமும் அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது, ஆனால் அது ஆரம்பம்தான். சிறிய கொம்யூனில் அப்போது பட்டியலில் உள்ள பெயரைப் பேனாவால் அடிக்கலாம். அடித்த இடத்தில் வேறு பெயர் எழுதலாம். எழுதப்படுபவர் வேட்பாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. தகுதியுள்ள ஆளாக இருந்தால் போதும். வெற்றுத் தாளில் நீங்களே எழுதிப்போட்டாலும் செல்லும். பானாஷாஷ் என்று இதற்குப் பெயர், கலந்து கட்டுவது.

இது எப்பேர்ப்பட்ட சுதந்திரம் என்பது கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குப் புரியும். நேருக்கு நேர் யாரும் யாரையும் எதுவும் சொல்லமாட்டார்கள். நாளைக்குக் கன்று ஈனும்போது கயிறு பிடிக்க அவர்தான் வர வேண்டும். ஆனால் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை, துணி மறைப்புக்குள்ளே, ஒரு பேனா. வேலியை அரையடி நகர்த்தியவர், நாயைக் கட்டாதவர், மச்சான் வாசலில் தெருவிளக்கு வைத்துக் கொடுத்தவர், ஒவ்வொருவர் பெயர்மேலும் எத்தனை கோடு விழுந்தது என்பது ராத்திரி எட்டு மணிக்குச் சத்தமாக வாசிக்கப்படும். மேயருக்கே பதினெட்டுக் கோடு விழுந்தது அன்று. அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். இரண்டு பூட்டு போட்ட மரப்பெட்டி. ஒரு சாவி மேயரிடம், இன்னொன்று வேறு ஒருவரிடம். நீல உறை உள்ளே விழுந்ததும் மேயர் "ஆ வோத்தே!" என்று கூவுவார், ஓட்டுப் போட்டாயிற்று என்று. எனக்கு அது ஏலம் விடுவது போல இருந்தது. ராத்திரி எண்ணும்போது ஊர் முழுக்க நின்று பார்க்கலாம். பிள்ளைகள் நாங்கள் கணப்பின் பக்கம் நின்றோம்.

பத்துப் பேர் தேறினார்கள். பதினோராவது ஆளுக்குப் பாதிக்குமேல் விழவில்லை. அவர் மேயரின் சித்தப்பா பிள்ளை. பொதுநிலத்து மரம் விற்ற விஷயத்தில் ஊருக்கு அவர்மேல் கசப்பு. அவர் பெயரை அடித்த பலர், அந்த இடத்தில் வேறு எதையோ எழுதியிருந்தார்கள். சீட்டைப் பிரித்து வாசித்தவர் முதலில் தடுமாறினார். மெத்ர் எட்டிப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவின் முழுப்பெயர் அந்த ஊர் வாயில் நுழையாது. கடைசியில் வரும் சாமியை மட்டும் பிடித்துக்கொண்டு மிசியே சமி என்றே கூப்பிடுவார்கள். சீட்டுகளில் அந்தப் பெயர் எத்தனையோ உருவத்தில் வந்தது. ஒருவர் ஒற்றை எழுத்தாக, ஒருவர் இரட்டை எழுத்தாக, ஒருவர் முழுப்பெயரையும் எழுதத் துணிந்து நடுவில் இரண்டு அசையை விழுங்கி. மெத்ர் ஒவ்வொன்றையும் உயர்த்திக் காட்டி, "இந்தப் பெயரில் ஊரில் வேறு யாராவது உண்டா?" என்று கேட்பார். இல்லை என்று கூட்டம் சிரிக்கும். கணக்கில் சேரும். அன்று இருபத்துச் சொச்சம் விழுந்தது. அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. யாரோ புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தாராம்.

ஏன் அவர் பெயரை எழுதினார்கள் என்று நான் பிறகு யோசித்திருக்கிறேன். தினமும் முகாமுக்குப் போகும் வழியில் அவருடைய ரெனோ 4 மூன்று குக்கிராமத்தைத் தாண்டும். வண்டியில்லாத கிழவிகளை டாக்டரிடம் இறக்குவார், மருந்து வாங்கி வருவார், பனி விழுந்தால் ரொட்டியும் கொண்டுவருவார். அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: அவர் அந்த ஊரில் எந்த வீட்டுக்கும் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. நூறு வருஷத்துப் பகையில் ஒரு பக்கமும் பிறக்காத ஒரே ஆள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டை. "நமக்கெதுக்குங்க இந்த ஊர் வம்பு? நீங்க கேட்டீங்களா? கேக்காம எழுதினா அது என்ன எலெக்சன்?" என்று அம்மா. "நான் என்ன செய்யறது, நிக்கவே இல்லியே, எப்படி விலகறது?" என்று அப்பா. வாஸ்தவம்தான். வேட்பாளராகாதவர் வாபஸ் வாங்க முடியாது.

மார்ச் 13, இரண்டாம் சுற்று. மீதி ஓர் இடம். அச்சடித்த சீட்டில் மேயரின் தம்பி முறையானவர் பெயர். பக்கத்தில் வெற்றுத் தாள்கள். இந்தச் சுற்றில் யாருக்கு அதிகமோ அவர். அம்மா மறைப்புக்குள் போய் உடனே வந்துவிட்டாள். அவளுக்குப் பிரெஞ்சு எழுதக் கை வராது, அப்பா பெயரை எழுதுகிற பயிற்சியை நான்தான் அந்த வாரம் சமையலறை மேசையில் கொடுத்திருந்தேன். அத்தனை சீக்கிரம் எழுதிவிட்டாளே என்று எனக்குப் பெருமை.

ராத்திரி கூட்டல் முடிந்தது. 58. 58.

கணப்பில் கட்டை வெடித்தது கேட்டது. ஒரு சீட்டு மட்டும் தனியே கிடந்தது: அதில் "இந்தியாக்காரர்" என்று மட்டும் இருந்தது. அது பெயரில்லையே என்று நீண்ட விவாதம். அந்தச் சீட்டைச் செல்லாததாக்கி, அறிக்கையோடு பின்னிவிட்டார்கள். மெத்ர் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். ஓட்டு சமமானால் வயதில் மூத்தவர் ஜெயித்தவர். வாக்காளர் பட்டியலைப் புரட்டி வாசித்தார்: அவர் 1933 நவம்பர், இந்த ஊரில் பிறந்தவர். இவர் 1933 பிப்ரவரி, பாண்டிச்சேரி, இந்தியாவில் பிரெஞ்சுப் பிரதேசம். ஆயா சொன்ன அந்த மேரியில், அலைச் சத்தத்துக்கு நடுவில், எந்தக் குமாஸ்தாவோ அன்றைக்கு எழுதிய தேதி. கைதட்டினார்கள். தோற்றவர் வந்து கை கொடுத்தார். கை கொடுத்துவிட்டு ஒன்பது மாதம் பேசவில்லை. நான் அம்மாவைத் தேடினேன். அவள் கணப்பைப் பார்த்துத் திரும்பி நின்று கைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எண்ணிய சீட்டுகளை அங்கேயே எல்லார் முன்னாலும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. மெத்ர் அவற்றை அந்தக் கணப்பில்தான் போட்டார். மறுநாள் சாம்பல் அள்ளுகிற முறை என்னுடையது. வாளியில் சாதாரணச் சாம்பல்தான் இருந்தது. ஆனாலும் அதைக் கொட்டாமல் சிறிது நேரம் வைத்திருந்தேன்.

"யார் எழுதியது அந்த இந்தியாக்காரர்?" என்று ஊர் பல மாதம் துப்புத் துலக்கியது. அந்த ஒரு சீட்டு செல்லுபடியாகியிருந்தால் வயதே பார்க்க வேண்டாமே.

சபையில் அப்பா செய்ததாகப் பெரிய கதை ஒன்றுமில்லை. ஆனால் பேசுவதற்குப் பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்த காலம்தான் அது. 1982-இல் ஒரு சட்டம் வந்து, சபையின் தீர்மானங்களுக்கு ஒபுசோனில் உட்கார்ந்திருந்த சுப்ரெஃபேயின், நம் ஊர்க் கணக்கில் ஒரு சப்-கலெக்டரின், முன்அனுமதி வேண்டாம் என்றாகியிருந்தது. மேயர் அதைக் கூட்டத்தில் வாசித்துவிட்டு, "அப்படியானால் இனி தப்புச் செய்தால் நம் தப்புத்தான்" என்றாராம். அப்பாவுக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது. மற்றபடி தண்ணீர்க் குழாய், சாலைப் பள்ளம், கல்லறைச் சுவர். எங்கள் குக்கிராமத்துக்கு ஒரு தெருவிளக்கு வந்தபோது அதை எந்த வாசலுக்கு நேரே நடுவது என்று மூன்று கூட்டம் நடந்தது. எட்டு மீட்டர் தகராறு. கடைசியில் யார் வாசலுக்கும் நேரே இல்லாமல் மாட்டுத் தொட்டிக்குமேல் நட்டார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் இன்றுவரைக்கும் பயனடைந்தவை மாடுகள்தான். அப்பாவின் யோசனை அது.

கூட்டம் முடிந்து பத்து மணிக்கு வருவார். ஆறிப்போன சாதத்தில் ரசம் ஊற்றிக்கொண்டு, யார் என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் தமிழில் ஒப்பிப்பார். அந்தப் பட்டிக்காட்டு விவசாயிகள் எல்லாரும் அவர் வாயில் முத்தியால்பேட்டைத் தமிழ் பேசினார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "பாரேன், நம்ம ஊர்ல கொம்யூன்னு பேரு 1880-லேர்ந்து இருக்கு. அறுபத்தெட்டுக்கு அப்புறம் முனிசிபல் எலெக்சனே காணோம்" என்றார். பாண்டிச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் அடுத்து நடந்தது 2006-இல். முப்பத்தெட்டு வருஷ இடைவெளி. அப்பா 2003-இல் போய்விட்டார். கொம்யூன் பஞ்சாயத்து என்ற பெயர் மட்டும் பாகூரிலும் வில்லியனூரிலும் பலகையில் விடாமல் நிற்கிறது. கடற்கரை மேரி 2014 மழையில் இடிந்து விழுந்து, மறுபடி அதே முகத்தோடு எழும்பியிருக்கிறது.

க்ரேஸில் எங்கள் பள்ளியைச் சபையால் காப்பாற்ற முடியவில்லை. பிள்ளைகள் ஐந்தாகக் குறைந்தபோது மேலே இருந்து முடிவு வந்தது. சபைக்கு அதில் கை இல்லை. கடைசி நாளில் மெத்ர் நடுக்கதவைப் பூட்டினார். பிறகு கொஞ்ச காலம் மேரிப் பக்கம் மட்டும் இருந்து முத்திரை போட்டார்.

2025-இல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. இனி சின்னஞ்சிறு கொம்யூனுக்கும் நகரம் போலவே கைவைக்க முடியாத பட்டியல். ஆணும் பெண்ணும் மாறி மாறி. பெண்கள் நிறையப் பேர் வருவார்கள் என்பதால் எனக்கு அதில் சந்தோஷம் உண்டு. எங்கள் ஊர்ப் பதினொரு பேரில் அன்று ஒரே ஒரு பெண். ஆனால் பட்டியலில் பேனா பட்டால் சீட்டு செல்லாது. நிற்காதவர் பெயரை எழுதுவது 2014-லேயே போய்விட்டது. இப்போது அடிப்பதும் போய்விட்டது.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். செய்தியைச் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"இனிமே பேனாவே கூடாதாமா?"

"கூடாதாம்."

கொஞ்ச நேரம் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கு நான் உங்கப்பா பேரை எழுதலடி."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அச்சடிச்சு வெச்சிருந்தாங்கல்ல, அதையே மடிச்சுப் போட்டுட்டேன். ராத்திரி ராத்திரி மீட்டிங்குன்னு போயிட்டா, அந்தக் குளிர்ல, பாஷையும் தெரியாம, நான் யார் மூஞ்சியப் பாக்கறது?"

"அம்மா! நீ மட்டும் அவர் பேரை எழுதியிருந்தா ஐம்பத்தொன்பது, ஐம்பத்தேழு. வயசே பாத்திருக்க வேண்டாம். ஊரே அந்த இந்தியாக்காரர் சீட்ட எழுதினது யாருன்னு..."

"தெரியும்" என்றாள். "எண்ணும்போது நானும் அங்கதானே நின்னேன்."